குரோய்டன் எடுத்து வைத்த படங்களும் நாங்கள் எடுக்காத படங்களும்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரை. எழுத்து வடிவத்துக்காகச் சிறிது செப்பனிடப்பட்டுள்ளது.)

கனடாவில் இப்போது காலை, இங்கே பின்னேரம், அவுஸ்திரேலியாவில் நடுச்சாமம் தாண்டிவிட்டது. நித்திரையை விட்டுவிட்டு இருந்து கேட்கிறவர்களுக்கு முதலில் நன்றி.

இந்தத் தலைப்பைச் சொன்னதும் ஒரு நண்பர் கேட்டார், "குரோய்டனிலே என்ன வரலாறு இருக்கு, லூனர் ஹவுஸ் கியூவைத் தவிர?" நியாயமான கேள்விதான். வெலஸ்லி ரோட்டில் நிற்கிற அந்த இருபது மாடிக் கட்டடத்தை 1970இல் கட்டி முடித்தார்கள். மனிதன் சந்திரனில் கால் வைத்த உற்சாகத்தில் வைத்த பெயர் அது. பக்கத்தில் இருப்பது அப்பலோ ஹவுஸ். பெயரைக் கேட்டால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போகிற இடம் போல இருக்கும். எங்கள் ஆட்களுக்கு அது விடியமுன் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கையில் பைலுமாகப் போய் நின்ற இடம். நேரலையில் இருக்கிறவர்களில் எத்தனை பேர் அங்கே நின்றிருப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் இந்த ஊருக்கு நாடு விட்டு வந்தவர்களின் கதை எங்களோடு தொடங்கவில்லை. இன்றைய பேச்சை அப்படி வந்த ஒருவரிலிருந்து தொடங்குகிறேன். அவர் பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலா.

1898 ஜனவரி 13ஆம் திகதி, திரைபஸ் என்ற யூதப் படை அதிகாரி பொய்யாகத் தண்டிக்கப்பட்டதை எதிர்த்து, பிரெஞ்சு அரசையும் படைத் தலைமையையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டி ஸோலா பத்திரிகையில் எழுதினார். அவர்மேல் வழக்குப் போட்டார்கள். ஜூலையில் தண்டனை உறுதியானதும் அன்றிரவே கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்துவிட்டார். பெயரை மாற்றிக்கொண்டார், இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியாக அந்த ஒக்ரோபரில் மேல் நோர்வூட், சேர்ச் ரோட்டில் இருக்கிற குயின்ஸ் ஹொட்டேலுக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜூன் மட்டும் அங்கேதான் இருந்தார். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது, குரோய்டன் நகரசபை எல்லைக்குள். சுவரில் அவர் பெயர் போட்ட நீல வட்டம் பதித்திருக்கிறார்கள். தோன்ரன் ஹீத்தில் இருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரம்.

ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. சாப்பாடு பிடிக்கவில்லை. எப்போது திரும்பலாம் என்று தெரியாது. இந்த நிலைமையை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. காலையில் நாவல் எழுதினார். பின்னேரங்களில் கமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நாலைந்து வருடங்களாகவே படம் பிடிப்பதில் அவருக்குப் பெரும் பிடிப்பு. படங்களைத் தானே கழுவி அச்சிடக்கூடியவர்.

அவர் என்ன எடுத்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரையும் பாரிஸ் சந்தை வியாபாரிகளையும் நாவல்களில் எழுதியவர் அவர். நோர்வூட்டில் அவர் எடுத்த படங்களில் பரபரப்பு ஒன்றும் இல்லை. ஒரு தெரு, மழை பெய்து ஓய்ந்த பிறகு. நீளப் பாவாடையோடு சைக்கிளில் போகிற பெண்கள். கடைவாசல். குதிரை வண்டி. தூரத்தில் கிறிஸ்டல் பலஸ், அந்தப் பென்னாம் பெரிய கண்ணாடி மாளிகை. தங்கியிருந்த ஹொட்டேலைச் சுற்றியே பல படங்கள். இங்கிலாந்தில் பிறந்த ஒருவருக்கு இவை எடுக்கத் தகுந்தவையாகத் தோன்றியிருக்காது. தினமும் பார்க்கிற தெருவை யார் எடுப்பார்கள்? ஊருக்குப் புதியவனுக்குத்தான் அது கண்ணில் படுகிறது. கிறிஸ்டல் பலஸ் 1936 நவம்பர் 30 இரவு எரிந்துபோனது. அந்தச் சுற்றாடல் சாதாரண நாளொன்றில் எப்படி இருந்தது என்று அறிய இன்று நோர்வூட் மக்களே அந்த அந்நியரின் படங்களைத் தேடுகிறார்கள்.

ஸோலா 1902 செப்ரெம்பரில் பாரிசில் இறந்தார். புகைபோக்கி அடைபட்டு, படுக்கையறைக்குள் கார்பன் மொனொக்சைட் நிறைந்து. யாரும் வேண்டுமென்று அடைத்தார்களா என்ற சந்தேகம் இன்றுவரை இருக்கிறது. என் தொழிலில் அந்த வாயுவைப் பற்றிப் படித்தபோது, மணமில்லை, நிறமில்லை என்று மனப்பாடம் செய்தது ஞாபகம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அதே 1902இல் குரோய்டனில் ஒரு சங்கம் தொடங்கியது. சரே மாவட்டப் புகைப்பட அளவீடும் பதிவும் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். குரோய்டன் அப்போது லண்டனைச் சேர்ந்ததல்ல. 1965இல்தான் பெருநகர லண்டனுக்குள் வந்தது. அதற்கு முன்னர் சரே மாவட்டத்தின் ஊர். வேகமாக வளர்ந்துகொண்டிருந்த ஊர். றெயில் பாதை வந்து, வீடுகள் பெருகி, பழைய சந்துகள் இடிபட்டுக்கொண்டிருந்தன. கமரா வைத்திருந்த சிலர் கூடி, போகிறது போகமுன் படமாக எடுத்து வைப்போம் என்று முடிவு செய்தார்கள். இது அவர்கள் கண்டுபிடித்த யோசனை அல்ல. 1890இல் பேர்மிங்ஹாம் பகுதியில் இப்படியொரு முயற்சி தொடங்கிவிட்டது. 1897இல் பெஞ்சமின் ஸ்ரோன் என்ற பாராளுமன்ற உறுப்பினர் நாடு முழுவதற்கும் ஒரு சங்கம் வைத்து, படங்களைப் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். அது 1910இல் கலைந்தது. குரோய்டன் சங்கத்தின் சிறப்பு அது ஒரு பொது நூலகத்தோடு சேர்ந்து வேலை செய்தது.

அந்த நூலகத்தின் தலைமை நூலகர் லூயிஸ் ஸ்ரான்லி ஜாஸ்ற். இவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இவரைப் பிடிக்கும். ஜாஸ்ற் என்பது வெட்டிய பெயர். பிறந்தபோது ஜாஸ்ட்ஷெம்ப்ஸ்கி. அப்பா போலந்திலிருந்து நாடு விட்டு வந்த படை அதிகாரி. மகன் 1868இல் வட இங்கிலாந்தில் ஹலிபக்ஸில் பிறந்தார். வெள்ளைக்காரர் வாயில் நுழையாத பெயரை அவர் சுருக்கிக்கொண்டார். எங்கள் பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சிவசுப்பிரமணியத்தைச் சிவாவாக்குவது போலத்தான். இந்த ஊரின் ஞாபகங்களை ஒழுங்காக அடுக்கி வைக்கச் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் ஒரு அகதியின் மகன். லூனர் ஹவுசில் இருந்து கதரின் ஸ்ரீற் நூலகத்துக்கு நடந்து போகப் பத்து நிமிஷம் காணும்.

ஜாஸ்ற், கவர், ரொப்ளி என்ற மூவரும் சேர்ந்து 1916இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். தலைப்பு த கமரா அஸ் ஹிஸ்ரோரியன், அதாவது வரலாற்றாசிரியராகக் கமரா. முதலாம் உலகப் போர் நடுவில் வந்த புத்தகம். வாசிக்கப் போனால் அது தத்துவப் புத்தகம் அல்ல, கைந்நூல். சமையல் குறிப்பு எழுதுவது போல எழுதியிருக்கிறார்கள். எந்தத் தாளில் அச்சிடுவது, எந்த அட்டையில் ஒட்டுவது, பெட்டியில் எப்படி நிறுத்தி வைப்பது, எப்படிப் பகுப்பது. சாதாரண வெள்ளி உப்புப் படங்கள் மஞ்சளாகி மங்கிவிடும், ஆகவே பிளாற்றினத்திலும் கார்பனிலும் அச்சிடுங்கள் என்கிறார்கள். செலவு கூட, ஆனால் நிலைக்கும். நூலகத்தில் புத்தகங்களைப் பிரிக்கிற தூயி தசமப் பகுப்பை அடிப்படையாக வைத்துப் படங்களையும் வகைப்படுத்துகிறார்கள். வாசகர் ஒருவர் வந்து இந்தத் தெருவின் படம் வேண்டும் என்றால் கையில் எடுத்துக் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இடம், நாள், எடுத்தவர் இல்லாத படம் அவர்களுக்குப் படமே அல்ல.

இன்னொன்று, படத்தில் கை வைக்கக்கூடாது. அழகுபடுத்துதல் கிடையாது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்க நாங்கள் மதுரைக்குப் போகவேண்டும். 1858இல் மதராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்த லினியஸ் ட்ரைப், மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்தார். அருமையான படங்கள். ஆனால் அன்றைய நெகற்றிவில் வானம் வெறும் வெள்ளையாக விழும். ட்ரைப் நெகற்றிவில் மேகங்களைத் தீட்டினார். நாயக்கர் மகாலுக்கோ கோபுரத்துக்கோ மேலே நாங்கள் பார்க்கிற மேகங்களில் சில தூரிகையால் வந்தவை. கலையென்று பார்த்தால் குறையில்லை. அன்று மழைமுகில் இருந்ததா என்று அந்தப் படத்தை நம்பிச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். குரோய்டன்காரர் அந்த இடத்தில் பிடிவாதமாக நின்றார்கள்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன், குறையையும் சொல்ல வேண்டும். அவர்களின் புத்தகம் இன்றைய வாழ்க்கையையும் எடுங்கள் என்று சொல்கிறது. ஆனால் நேரமும் காசும் கமராவும் இருந்த கனவான்கள்தானே எடுத்தவர்கள். கோயில் வாசல், ஞானஸ்நானத் தொட்டி, பழைய மில், ஓடு வேய்ந்த பண்ணை வீடு, இவைதான் அவர்கள் கண்ணில் முதலில் பட்டன. சரே ஸ்ரீற் சந்தையில் கிழங்கு கூவி விற்ற பெண்ணின் குசினி யாருக்கும் தெரியாது. 1276இல் கன்ரபரி பேராயர் கில்வேட்பி உரிமைப் பத்திரம் வாங்கிக் கொடுத்த சந்தை அது. எழுநூறு வருடத்துக்கு மேல் ஒரே சரிவில் மரக்கறி விற்கிறார்கள். இன்றைக்கும் ஒரு பவுணுக்கு ஒரு கிண்ணம் தக்காளி என்று கூவுகிறார்கள். அந்தக் கூவல் எந்தப் படத்தில் வரும்?

அளவீட்டுக்காரர் பயந்தது பின்னாளில் நடந்தது. 1944இல் பறக்கும் குண்டுகள் லண்டன் பகுதியிலேயே குரோய்டனில்தான் அதிகம் விழுந்தன. ஆனால் நகரத்தின் நடுப்பகுதியை மாற்றியது குண்டுகள் அல்ல, ஒரு சட்டம். 1956ஆம் ஆண்டின் குரோய்டன் கோப்பரேஷன் சட்டம் நிலத்தை எடுத்து வீதியை அகலிக்கவும் கட்டவும் நகரசபைக்கு அதிகாரம் கொடுத்தது. அதன்பின் பத்துப் பதினைந்து வருடங்களில் வெலஸ்லி ரோட், சுரங்கப் பாதை, மேம்பாலம், கண்ணாடிக் கட்டடங்கள். நோத் எண்டில் பழைய விற்கிவ்ற் கட்டடத்தில் இருந்த ட்ரினிற்றி பள்ளிக்கூடம் 1965இல் ஷேர்லிக்குப் போனது. அந்த வளவில்தான் இப்போது விற்கிவ்ற் சென்ரர் கடைத்தொகுதி நிற்கிறது. அதையும் இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று பத்து வருடத்துக்கு மேலாகக் கேள்விப்படுகிறோம்.

தப்பிய கட்டடமும் உண்டு. ஜோர்ஜ் ஸ்ரீற் முனையில் 1596இல் பேராயர் விற்கிவ்ற் தொடங்கிய தரும விடுதி. ஏழை முதியவர்களுக்காகக் கட்டியது, இன்றும் முதியவர்கள் இருக்கிறார்கள். வீதியை அகலிக்க அதை உடைக்கவேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் திட்டம் மேல் திட்டம் போட்டார்கள். 1923இல் பிரபுக்கள் சபை தலையிட்டுத்தான் அது தப்பியது. ட்ராம் மணியடித்துக்கொண்டு அதன் சுவரோரமாகத் திரும்புகிறபோது நான் எப்போதும் ஒருமுறை பார்ப்பேன். பேராயர் கட்டினபடியால் தப்பியது. பக்கத்தில் இருந்த தச்சனின் வீட்டுக்காக எந்தப் பிரபு எழும்பிப் பேசியிருப்பார்?

என் வேலையில் இதை நான் வேறு விதமாகவும் பார்த்திருக்கிறேன். மறதி நோய் வந்த முதியவர்களின் வாட்டில் பழைய ஊர்ப் படங்களை வைத்துக் கதைக்க வைப்பது ஒரு பழக்கம். நினைவுப் பெட்டி என்று ஒன்று இருக்கும். மகனின் பெயர் வராத ஒருவருக்கு, இடிபட்ட ஒரு கடையின் படத்தைக் காட்டினால், அந்தக் கடைக்குப் பக்கத்துக் கடையின் பெயர் வரும். படத்தில் அந்தப் பக்கத்துக் கடை இருக்காது. கோயில் கோபுரத்தைக் காட்டினால் இப்படி வருவதில்லை. கடையின் பலகை, பஸ் நிற்கிற இடம், வாசலில் வைத்த வாளி, இவைதான் கதவைத் திறக்கின்றன. எடுத்தவர் தேவாலயத்தை எடுக்கப் போய், ஓரத்தில் தற்செயலாக விழுந்ததாகவும் அது இருக்கலாம்.

2011 ஓகஸ்ட் 8 இரவு குரோய்டன் எரிந்ததை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 1867இல் தொடங்கிய ரீவ்ஸ் தளபாடக் கடை எரிந்து விழுந்தது. அந்தச் சந்திக்குப் பெயரே ரீவ்ஸ் கோர்னர். அதே இரவு சேர்ச் ஸ்ரீற்றில் எரிகிற வீட்டின் ஜன்னலில் இருந்து ஒரு பெண் குதிக்கிறதை ஏமி வெஸ்ரன் என்ற புகைப்படக்காரர் எடுத்தார். மறுநாள் உலகம் முழுக்க முதற் பக்கத்தில் வந்தது. லண்டன் ரோட்டிலும் கடைகள் எரிந்தன. நாங்கள் சாமான் வாங்குகிற வீதி அது. கருவாடு, முருங்கைக்காய், கொழும்புப் பேப்பர், நகைக்கடை, ரிக்கெற் போடுகிற இடம், எல்லாம் அங்கேதான். எரிந்த கடைகளின் படம் ஆயிரம் இருக்கிறது. எரியமுன் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அந்தக் கடைக்குள் எப்படி இருந்தது என்று ஒரு படம் தேடிப் பாருங்கள்.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறேன்.

படங்களைப் பொது நூலகத்தில் வையுங்கள் என்றார் ஜாஸ்ற். நல்ல யோசனை. யாழ்ப்பாணத்தில் பொது நூலகம் 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டது. 97,000 நூல்கள். ஓலைச்சுவடிகளும் போயின. அந்தத் தீயைப் பார்த்த அதிர்ச்சியில் பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் உயிர் விட்டார். ஆகவே ஒரே இடத்தில் வைப்பது எங்களுக்குப் பொருந்தாத பாடம். இன்று நூலகம் என்ற இணையத்தளத்தில் தன்னார்வலர்கள் மின்வருடிப் பல பிரதிகளாக வைப்பது அந்தத் தீயில் இருந்து கற்றதுதான்.

தமிழ்நாட்டில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு பழைய தமிழ் ஸ்ரூடியோப் படங்களைத் தேடிச் சேர்த்திருக்கிறது. பழைய ஸ்ரூடியோக்கள் மூடப்படும்போது கண்ணாடி நெகற்றிவ்களுக்கு என்ன நடந்தது தெரியுமா? சுரண்டி வெள்ளியை எடுத்தார்கள், அல்லது கழுவிக் கண்ணாடியாக விற்றார்கள். ஒரு ஊரின் கல்யாணங்கள் யாரோ ஒருவரின் சுவர்ப் படத்துக்கு முன்கண்ணாடியாகப் போயின.

கிடைத்த ஸ்ரூடியோப் படங்களைப் பார்த்தாலும் வீடு இல்லை. பின்னால் தீட்டிய திரை. மாளிகைப் படிக்கட்டு, தூண், தூரத்தில் ஏரி. மனிதர் மட்டும் உண்மை. எங்கள் வீட்டு அல்பங்களும் அப்படித்தான். ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், சாமத்தியச் சடங்கு, செத்தவீடு. யாழ்ப்பாணத்தில் பிரேதப் பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று எடுத்த படம் இல்லாத அல்பம் குறைவு. ஆனால் அடுப்படியில் அம்மா நிற்கிற படம் யாரிடம் இருக்கிறது? கிணற்றடி? படலை? பிலிம் விலை கூட. முப்பத்தாறு படத்தையும் நல்லநாளுக்கு வைத்திருக்க வேண்டும். பழைய சட்டையோடு நின்றால் "சீ, இப்பிடியோ எடுக்கிறது" என்று அம்மாமார் உள்ளே ஓடிவிடுவார்கள்.

எங்கள் வீடு தெல்லிப்பழைக்கு வடக்கே. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர் தெல்லிப்பழை, இன்றைய யூனியன் கல்லூரி. அப்பாவின் அப்பா மிஷன் பள்ளிக்கூடமொன்றில் வாத்தியார். அவர் கட்டிய வீடு. காற்று வடக்கில் இருந்து அடித்தால் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் தூசு மாவிலையில் படியும். 1990 ஜூனில் எல்லாரும் எழும்பினோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா எடுத்தது காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், வேதப்புத்தகம், ஒரு அல்பம். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பார்க்க முடியவில்லை. விடைபெறுதல் என்று ஒன்று நடக்கவே இல்லை. பூட்டைப் பூட்டி, திறப்பை அம்மா தாலிக்கொடியோடு சேர்த்து முடிந்துகொண்டார்.

அல்பத்தில் எங்கள் வீடு மொத்தம் ஏழு படங்களில் தெரிகிறது. ஒன்றிலாவது வீடு முழுதாக இல்லை. சித்தியின் கல்யாணப் படத்தில் விறாந்தைத் தூண் ஒன்று, அதில் வாழைமரம் கட்டியிருக்கிறது. அண்ணாவின் பிறந்தநாளில் கேக்குக்குப் பின்னால் ஒரு ஜன்னல், மூன்று கம்பி. அம்மம்மாவின் செத்தவீட்டுப் படத்தில்தான் முற்றம் ஓரளவு தெரியும், ஆனால் பந்தல் போட்டு மறைத்துவிட்டார்கள். இந்த ஏழையும் மேசையில் பரப்பி வைத்து ஒரு வரைபடம் கீற முயன்றேன். குசினிக்கு இடமில்லை. எந்தப் படமும் குசினிப் பக்கம் பார்க்கவில்லை.

2015க்குப் பிறகு கட்டங்கட்டமாகக் காணிகளை விட்டார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடப்பட்டது. இடையில் எங்கள் பக்கமும் திறந்தது. போய்ப் பார்த்த மச்சான் தொலைபேசியில் சொன்ன முதல் வசனம், "வீடு எது எண்டு தெரியேல்லை." சுவர் இல்லை, ஓடு இல்லை, கதவு நிலை இல்லை. அத்திவாரம் பற்றைக்குள் கிடந்தது. வேலியும் ஒழுங்கையும் அழிந்துபோனபடியால் எல்லை பிடிப்பதே பெரும்பாடு. உறுதியில் எழுதியபடி நிலஅளவையாளர் வந்து கயிறு பிடித்துத்தான் எங்கள் வளவு இது என்று தெரிந்தது. கிணறு மட்டும் கிணறாக இருந்தது.

பிறகு வந்தது குடும்பங்களில் வழக்கமாக வருகிற கேள்வி. வைத்திருப்பதா, விற்பதா? அண்ணா ரொறன்ரோவில். நான் இங்கே. அம்மா என்னோடு தோன்ரன் ஹீத்தில். பெரியப்பாவின் மகன் ஒருவர்தான் ஊரில், அவருக்கும் தனியாக ஒரு வளவு திருத்தக் கிடக்கிறது. விற்கலாம் என்றார் அண்ணா. பிள்ளைகள் போய் இருக்கப் போவதில்லை, பற்றை வெட்ட ஒவ்வொரு வருடமும் காசு அனுப்பி என்ன பயன் என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் நியாயம் இல்லை, கோபம் மட்டும் இருந்தது. இரண்டு மாதம் நாங்கள் சரியாகக் கதைக்கவில்லை. கடைசியில் அம்மாதான் முடித்துவைத்தார். ஊரில் நிலமில்லாமல் முகாமில் கிடந்து வந்த ஒரு குடும்பம் கேட்டிருக்கிறது. "அங்க அடுப்பு எரியட்டும்" என்றார். இங்கே சட்டத்தரணி முன்னால் அற்றோணித் தத்துவத்தில் கையெழுத்து வைத்தார். வைக்கமுன் ஒரு நிபந்தனை போட்டார், எழுதிக் கொடுக்கிறதுக்கு முதல் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றையும் என்றால்? இங்கேதான் 1916ஆம் ஆண்டுக் கைந்நூல் எனக்குக் கைகொடுத்தது. மச்சானின் மகனுக்கு, கம்பஸில் படிக்கிற பெடியன், ஒரு பட்டியல் அனுப்பினேன். சூரியன் மறைகிறதை எடுக்க வேண்டாம். நிறம் கூட்டுகிற செயலி போட வேண்டாம். அத்திவாரத்தின் நாலு மூலையிலும் நின்று உள்ளுக்குப் பார்த்து எடு. பிறகு அதே மூலையில் நின்று வெளியே பார்த்து எடு. ஒவ்வொன்றுக்கும் திசையை எழுது. அளவு தெரிய ஒரு முழக்கோலை வை, இல்லாவிட்டால் உன் செருப்பை வை. மரங்களை ஒவ்வொன்றாக. ஒழுங்கை முகப்பில் இருந்து வளவு வரைக்கும் இருபது அடிக்கு ஒன்று. அவன், "மாமி, பற்றையைத்தான் எடுக்கச் சொல்லுறியளோ?" என்று கேட்டான். ஓம், பற்றையைத்தான்.

ஒரு சனிக்கிழமை 140 படங்கள் வந்தன. பார்க்கிறதுக்கு ஒன்றுமில்லாத படங்கள்தான். உடைந்த சீமெந்து, நாயுண்ணிப் பற்றை, ஒரு செருப்பு. பேரப்பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் எழும்பிப் போய்விட்டார்கள். அம்மா மூன்று நாள் பார்த்தார். செருப்பு வைத்த ஒரு மூலையைக் காட்டி, இதுதான் குசினி என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். தரையில் ஒரு சிவப்பு வட்டம், மற்ற இடத்தைவிட மினுக்கம். அம்மி வைத்திருந்த இடமாம். அப்பப்பா சீமெந்தோடு காவி கலந்து அந்த இடத்துக்கு மட்டும் தனியாகப் பூசினாராம். எனக்கு அது தெரியாது. ஒன்பது வருடம் அந்தக் குசினியில் சாப்பிட்டிருக்கிறேன்.

வரைபடத்தில் குசினியைக் கீறினோம். வடமேற்கு மூலை. ஏழு பழைய படங்களில் ஒன்றும் ஏன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை என்றும் விளங்கியது. வெளிச்சம் கிழக்கிலிருந்து வரும், படம்பிடிக்கிறவர் எப்போதும் முன்வாசலில் ஆட்களைச் சூரியனைப் பார்க்க நிறுத்துவார். குசினி பின்னால்.

140இலிருந்து 60ஐத் தெரிந்து, மங்காத மையில் அச்சடித்து, அட்டையில் ஒட்டினோம். மூன்று பிரதி. ஒன்று அண்ணாவிடம், ஒன்று இங்கே, மூன்றாவதை வீடு வாங்கிய குடும்பத்துக்கு அனுப்பச் சொன்னார் அம்மா. அவர்களுக்கு ஏன் என்று அண்ணா கேட்டார். "அவையளுக்குத்தானே கிணறு எங்க ஊறும் எண்டு தெரியோணும்" என்றார். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் நான் சொல்லச் சொல்லத் தன் கையால் எழுதினார். பொருள், இடம், நாள், எடுத்தவர், பார்க்கிற திசை. கிணற்றுப் படத்துக்குப் பொருள் என்ற இடத்தில் நான் "கிணறு" என்றேன். பேனையை வைத்துவிட்டு யோசித்தார். பிறகு, "நல்ல தண்ணி" என்று எழுதினார்.